முதல் தயிருக்கு உறை ஊற்றியது யார்

பேர்லேண்ட், டெக்சாஸ்
12 ஜனவரி 2025

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய பத்மநாபன் சாருக்கு,

லிவர்மோர் கோயில் சமையலறையில் உங்களோடு வாய் ஓயாமல் வழக்காடிக்கொண்டிருந்த வெள்ளியங்கிரி வணக்கத்தோடு எழுதுவது. நான் இங்கே சுகம். நீங்கள் அங்கே சுகம்தானுங்களா? போனில் கேட்கலாமே என்பீர்கள். ஏழு மாசமாக அதைத்தான் செய்கிறேன். மணிகூட அடிப்பதில்லை, நேராக ஒரு அம்மா வந்து இங்கிலீஷில் ஏதோ சொல்கிறார். அந்த அம்மாவுக்கும் எனக்கும் நல்ல பழக்கம் ஆகிவிட்டது. அவர் வீட்டு விசேஷத்துக்கே என்னைக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார். உங்களைத்தான் காணோம்.

ஐந்தாம் வகுப்போடு நானும் பள்ளிக்கூடமும் ஒருத்தரை ஒருத்தர் மன்னித்து விட்டுவிட்டோம். அதனால் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். எத்தனையோ பெரிய கணக்குகளைப் பார்த்தவர் நீங்கள், இதையும் படித்துவிடுவீர்கள்.

இங்கே கோயிலிலும் எனக்கு அன்னதானச் சமையல்தான். லிவர்மோரில் சுற்றிலும் குன்று இருந்தது. இங்கே பூமி தோசைக்கல் மாதிரி தட்டையாகக் கிடக்கிறது. கார் இல்லாமல் ஒரு கட்டுக் கொத்தமல்லிகூட வாங்க முடியாது, எனக்கோ ஓட்ட வராது. சனிக்கிழமை காய் நறுக்க பிரீத்தி என்று ஒரு டாக்டரம்மா வருகிறார். நல்ல மனசு. ஆனால் ஒரு பீன்ஸ் தீக்குச்சி நீளம், இன்னொன்று சுண்டுவிரல் நீளம். ஆய்வுக்கூடத்தில் முப்பது வருஷம் ஒரு நொடியை ஆயிரம் துண்டாக நறுக்கிப் பழகின உங்கள் கை அவருக்கு எப்படி வரும்?

ஒரு சனிக்கிழமை நீங்கள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னது ஞாபகம் இருக்கிறதுங்களா? உலகம் உண்டானபோதுதான் காலமும் உண்டானது, அதற்கு முன்னால் என்ற பேச்சே கிடையாது, உன் சாமி மட்டும் முன்னாலேயே வந்து எங்கே உட்கார்ந்திருந்தார் என்று கேட்டீர்கள். நான் தயிர்ப் பாத்திரத்தைக் காட்டினேன். இன்றைய தயிருக்கு உறை நேற்றைய தயிர், நேற்றையதற்கு முந்தாநாள் தயிர், இப்படியே போனால் முதல் தயிருக்கு உறை ஊற்றியது யார், அவர்தான் சாமி என்றேன். ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தீர்கள். வெதுவெதுப்பான பாலில் மிளகாய்க் காம்பைப் போட்டு, உறையே ஊற்றாமல் உறைந்த தயிர்.

"அப்போ சாமி மொளகாக் காம்புங்களா சார்?" என்று நான் கேட்க, பர்வதம் அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க ரெண்டு பேரும் கடவுளைக் கண்டுபிடிக்கறதுக்குள்ள ரசம் வத்திடும்" என்றார்.

பர்வதம் அம்மா உங்களைத் தனியாக விட்டுப் போய் வருஷம் ஒன்று தாண்டிவிட்டது. வருஷ காரியத்துக்கு வர முடியவில்லை. தப்புத்தான். உங்கள் கையால் நாலு வரி வந்தால் சாந்தாமணி கடிதத்தைவிட சந்தோஷப்படுவேன். இதை என் சம்சாரத்திடம் சொல்லிவிட வேண்டாம். பொள்ளாச்சியிலிருந்தே கரண்டியை வீசுவாள்.

என்றும் உங்கள்
வெள்ளியங்கிரி


லிவர்மோர்
2 பிப்ரவரி 2025

அன்புள்ள வெள்ளியங்கிரி,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன், ஒரு தடவை சிரித்தேன். ஒரு வருஷக் கணக்குக்கு அது அதிகம்.

போனை அணைத்தே வைத்திருக்கிறேன். பர்வதம் போன அன்று என் போன் வழக்கம்போல் கோயில் வாசலில் காருக்குள் கிடந்தது. அதன் பிறகு அதைக் கையில் எடுக்கவே பிடிக்கவில்லை. விஷாகா மில்பிடாஸிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வந்து ஃபிரிட்ஜை நிரப்பிவிட்டுப் போகிறாள். பெற்ற பெண்ணோடு பேச்சு குறைந்துவிட்டது. அந்தக் கதையைப் பிறகு எழுதுகிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். சிரிக்காமல் பதில் சொல்.

அன்று காலை அறுவை சிகிச்சைக்கு முன்னால் அவள்தான் என்னைக் கோயிலுக்கு விரட்டினாள். "உங்களுக்கு நம்பிக்கை இல்லேன்னா பரவாயில்லை, எனக்காக ஒரு பாலாபிஷேகம் பண்ணிட்டு வாங்கோ" என்றாள். முப்பத்தொன்பது வருஷத்தில் அவள் சொல்லி நான் மறுக்காமல் செய்த ஒரே காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். ஒன்பதரைக்கு அபிஷேகம் ஆரம்பித்தது. குருக்கள் சங்கல்பம் சொன்னார். பிரம்மாவின் ஆயுளில் இத்தனாவது பாதி, இந்தக் கல்பம், இந்த யுகம், இந்த வருஷம், இந்த மாதம், இந்தத் திதி என்று ஆதியிலிருந்து அந்த நிமிஷம் வரைக்கும் இறங்கி வந்து, கடைசியில் அவள் பெயரைச் சொன்னார். ஆய்வுக்கூடத்தில்கூட நேரத்தை இப்படி முழுசாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த இடத்தில் நான் கண்ணை மூடினேன். வேண்டிக்கொண்டேன். நிஜமாகவே வேண்டிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் போன மாதம்தான் பிரித்துப் பார்த்தேன். அவள் போன நேரம் ஒன்பது பன்னிரண்டு. அவள் பெயரைக் குருக்கள் சொன்னபோது அவள் போய்ப் பதினெட்டு நிமிஷம் ஆகியிருந்தது.

இப்போது சொல். காலம் பிறந்ததற்கு முன்பே உன் சாமி இருந்தார் என்றால், அவருக்கு முன்னால் பின்னால் கிடையாது. அப்படியானால் பதினெட்டு நிமிஷம் தாமதமாகப் போன வேண்டுதலும் அவரிடம் தாமதமாகச் சேர்ந்திருக்காது. அவரும் காலத்துக்குள்தான் பிறந்தார் என்றால், நான் காலி அறையில் பேசிக்கொண்டிருந்தேன். எது?

பத்மநாபன்


பேர்லேண்ட்
20 பிப்ரவரி 2025

அன்பு மிகுந்த சாருக்கு,

கடிதம் வந்தது. கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது, அதிலேயே உங்களை அடித்துவிடலாம் போல வருகிறது. மனுஷன் துக்கத்தில்கூட இப்படி நேர்கோட்டில் எழுதுவாரா?

கேள்வியைப் பெரிய ஆளிடம் கேட்டிருக்கிறீர்கள். என் அரிசி எப்போது வேகும் என்பதே எனக்கு மூடியைத் திறந்தால்தான் தெரியும். இங்கத்துக் குருக்களிடம் கேட்டுப் பார்த்தேன். அனாதி என்றார். ஆதி இல்லாதவர் என்று அர்த்தமாம். அப்படியென்றால் அவருக்குப் பிறந்த நாள் விருந்து வைக்க வழியே இல்லை, வருஷம் பூராவும் நாங்கள் எதற்குச் சமைக்கிறோம் என்றேன். போய் வேலையைப் பார் என்றார்.

ஆனாலும் எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். ஐந்நூறு பேருக்குச் சாம்பார் கொதிக்கிறது. உப்புப் போட மறந்துவிட்டேன் என்று வையுங்கள். மறந்திருக்கிறேன், உங்களுக்கே தெரியும், நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். இறக்குகிற நேரத்தில் கைநிறைய அள்ளிப் போட்டுக் கலக்குவேன். சாப்பிடுகிறவருக்கு அது முதலில் போட்ட உப்பா, கடைசியில் போட்ட உப்பா என்று தெரியுங்களா? அடியிலும் இருக்கும், மேலேயும் இருக்கும், ஒவ்வொரு பருப்பிலும் இருக்கும். உள்ளே இருக்கிற பருப்புக்குத்தான் முதலில் கடைசியில் எல்லாம். கரண்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்கிறவருக்கு எல்லாம் ஒரே பாத்திரம்.

அதனால் உங்கள் வேண்டுதல் போய்ச் சேர்ந்திருக்கும் சார். பதினெட்டு நிமிஷத்துக்கெல்லாம் கவுன்டரை மூட அவர் என்ன லைசென்ஸ் கொடுக்கிற டிஎம்வி ஆபீஸா வைத்திருக்கிறார்? நீங்கள் அதை நினைத்து மருக வேண்டாம்.

ஊரில் கவின் பாலிடெக்னிக் சேர்ந்திருக்கிறான். என் மகன் என்னைவிட ஏழு வகுப்பு கூட. போனில் எனக்கே இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறான். இங்கே மழை. அந்தக் காகிதங்களை எல்லாம் கட்டி வைத்துவிடுங்கள் சார். நேரம் பார்த்துப் பார்த்து என்ன கண்டீர்கள்? வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
வெள்ளியங்கிரி


லிவர்மோர்
16 மார்ச் 2025

அன்புள்ள வெள்ளியங்கிரி,

உன் உப்பை மூன்று வாரமாக யோசித்தேன். பாத்திரத்துக்கு வெளியே ஒருவர் நிற்கிறார் என்பதற்கு நிரூபணம் கிடையாது. ஆனால் நின்றால், நீ சொல்வதில் ஓட்டை இல்லை. நான் ஒன்பதரைக்குச் சொன்னதை அவர் ஒன்பது பன்னிரண்டிலேயே கேட்டிருக்கலாம். கேட்டும் அவள் போனாள் என்றால், எனக்குக் கிடைத்த பதில் "முடியாது" என்பது. "நேரமாகிவிட்டது" என்பது இல்லை. முடியாது என்பதோடு நான் வாழ்ந்துவிடுவேன். நேரமாகிவிட்டது என்பதோடுதான் முடியவில்லை. இந்த மாதம் கொஞ்சம் தூங்கினேன். அதற்கு உனக்கு நன்றி.

இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. விஷாகா கதை.

அன்று அபிஷேகம் முடிந்து பத்து மணிக்கு வெளியே வந்தேன். நீ கையைப் பிடித்து இழுத்துப் போய், ரெண்டு வாய் சாப்பிட்டுப் போங்க என்று பொங்கல் போட்டாய். பர்வதத்துக்கு என்று ஒரு டப்பாவில் தனியாகக் கட்டிக் கொடுத்தாய். சாமி என் வேண்டுதலைக் கேட்டிருப்பாரா என்றேன். கேட்காமல் இருப்பாரா, பாலில் முழுகி மூச்சுத் திணறிப் போய்க் கேட்டிருப்பார் என்று நீ சொன்னாய். நான் சிரித்தேன். பத்தேகாலுக்கு நான் செருப்பு மாட்டும்போது பின்னாலேயே ஓடி வந்து, "இப்பத்தான் போன் வந்துச்சுங்க சார், விஷாகா பாப்பா உங்களை உடனே வரச் சொல்லுது" என்றாய். மலையைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போகப் பதினொன்று ஆகிவிட்டது. அவள் கையைத் தொட்டேன். சில்லிட்டிருந்தது. ஒரு முக்கால் மணி முன்னால் போயிருந்தால் அந்தக் கையில் கொஞ்சம் சூடு மிச்சம் இருந்திருக்கும். இது நம்பிக்கை இல்லை, கணக்கு.

அம்மா போய் இத்தனை நேரம் ஏன் சும்மா இருந்தாய் என்று ஆஸ்பத்திரியில் இருந்த விஷாகாவைக் கேட்டேன். ஒன்பது முப்பத்தைந்துக்கே வெள்ளியங்கிரி அங்கிளைக் கூப்பிட்டுவிட்டேன் என்கிறாள். சத்தியம் செய்கிறாள். அந்தப் பழைய போனை அவள் தூக்கிப் போட்டாகிவிட்டது, பெற்ற பெண்ணிடம் அத்தாட்சி கேட்கவும் எனக்குக் கூசுகிறது. இரண்டு பேரில் ஒருவர் சொல்வது உண்மை இல்லை. அவள் பயந்து போய் உட்கார்ந்திருப்பாள், அதை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை என்று வைத்துக்கொண்டேன். பதினாறு மாதமாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. நான் உன்னைத்தான் நம்புகிறேன்.

ஆனால் நேற்று அவள் வந்துவிட்டுப் போகும்போது, காரில் ஏறாமல் வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். அதைப் பார்த்த பிறகு ஒரு தடவை உன்னிடம் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. அந்த போன் எத்தனை மணிக்கு வந்தது?

பத்மநாபன்


பேர்லேண்ட்
27 ஏப்ரல் 2025

சாருக்கு,

உங்கள் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அளக்கப் போகும்போதெல்லாம் அது அங்கே இருக்கிறது. எழுத உட்காருவேன், முதலில் ஒரு தமாஷ்தான் வரும், கிழித்துப் போடுவேன். இன்றைக்குத் தமாஷ் வருவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்.

போன் ஒன்பது முப்பத்தைந்துக்கு வந்தது. விஷாகா பாப்பா சொன்னது அத்தனையும் சத்தியம். பொய் சொன்னது நான்.

அது சொன்ன வார்த்தை எனக்கு அப்படியே காதில் இருக்கிறது. "அங்கிள், அம்மா போயிட்டா. அப்பாகிட்ட இப்ப சொல்லாதீங்கோ, டிரைவ் பண்ணணும். உடனே அனுப்பி வைங்கோ அங்கிள். உடனே." அழவில்லை. உடனே என்று இரண்டு தடவை சொன்னது.

நான் கையைத் துடைத்துக்கொண்டு மேலே ஓடி வந்தேன். நீங்கள் சன்னதியில் நின்றிருந்தீர்கள். மூன்று வருஷமாக உங்களை அங்கே பார்த்திருக்கிறேன். எப்போதும் கையைக் கட்டிக்கொண்டு, வேலை சரியாக நடக்கிறதா என்று பார்க்க வந்த இன்ஸ்பெக்டர் மாதிரி நிற்பீர்கள். அன்றைக்குக் கை கூப்பி இருந்தது. கண் மூடி இருந்தது. உதடு அசைந்தது. குருக்கள் பால் சொம்பைத் தூக்கிக்கொண்டிருந்தார். தோளைத் தொட நாலு அடிதான் சார். நாலு அடி என்னால் வைக்க முடியவில்லை. திரும்பிக் கீழே போய்விட்டேன்.

எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. சாவுச் சேதி கொண்டு போகிறவன் முதலில் கேட்கிறவனைச் சாப்பிட வைப்பான். சேதி கேட்ட பிறகு அவன் வாயில் பருக்கை இறங்காது, காரியம் முடிகிற வரைக்கும் பட்டினி கிடப்பான் என்று. பூசையில் நிற்கிறவனிடமும் பூசை முடிகிற மட்டும் சொல்ல மாட்டார்கள். காதில் விழுந்தால்தான் தீட்டு, விழாத வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று ஒரு கணக்கு. என் அப்பன் செத்த அன்றைக்கு எனக்கும் மூன்று இட்லி கொடுத்துச் சாப்பிடச் சொல்லித்தான் சொன்னார்கள். எல்லாம் தெரிந்தும் எதிரே உட்கார்ந்து சட்னி ஊற்றின சித்தப்பனை அதற்கப்புறம் எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. அவர் செத்ததற்குக்கூட நான் போகவில்லை. அதே காரியத்தைத்தான் உங்களுக்குச் செய்தேன்.

நீங்கள் மேலே இருந்த அந்த நேரம் பூராவும் பொங்கலில் மிளகு பொறுக்கிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு மிளகு கடித்தால் இருமல் வரும் அல்லவா, அதற்காக. ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். சாப்பிட ஆள் இல்லை என்று தெரிந்துதான் பொறுக்கினேன். கை சும்மா இருந்தால் மேலே வந்து சொல்லிவிடுவேனோ என்று இருந்தது. அபிஷேகம் முடியவே கூடாது, இன்னொரு குடம் பால் வரட்டும், நீங்கள் கண்ணைத் திறக்கவே வேண்டாம் என்று நானும் ஒரு வேண்டுதல் வைத்தேன். அதுவும் நடக்கவில்லை. பிறகு உங்களைச் சாப்பிட வைத்தேன். தமாஷ் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் இப்போது சொல்லிவிடலாம், இதோ சொல்லிவிடலாம் என்று இருந்து, கடைசியில் இப்பத்தான் போன் வந்துச்சு என்றேன்.

அந்த நாற்பது நிமிஷமாவது அம்மா உங்கள் வரைக்கும் உயிரோடு இருந்தார்களே என்று எனக்கு நானே ரொம்ப நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். கை சில்லிட்டிருந்தது என்று நீங்கள் எழுதினதைப் படித்த அன்றைக்கு அந்தச் சமாதானம் போய்விட்டது. அந்தச் சூடு உங்களுடையது. நான் எடுத்துக்கொண்டேன்.

அங்கேயிருந்து நான் பேர்லேண்டுக்கு வந்ததுகூட இதனால்தான். சனிக்கிழமை நீங்கள் எதிரே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கும்போது என்னால் கரண்டி பிடிக்க முடியவில்லை. நீங்கள் போனை எடுக்காத ஏழு மாசமும், கூப்பிட்ட புண்ணியம் எனக்கு, எடுக்காதது அவர் பாடு என்று நிம்மதியாகக்கூட இருந்தேன். பாப்பா பழி சுமக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முன்னாலேயே சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. தெரியவில்லை சார்.

இந்தக் கடிதத்தை விஷாகாவிடம் காட்டுங்கள். முதலில் அதனிடம் பேசுங்கள். எனக்குப் பதில் எழுதுவது அப்புறம்.

வெள்ளியங்கிரி


லிவர்மோர்
18 மே 2025

வெள்ளியங்கிரி,

விஷாகாவை வரச் சொல்லி உன் கடிதத்தைக் கொடுத்தேன். சமையலறையில் நின்றபடியே படித்தாள். மடித்து வைத்துவிட்டு, "பாவம்ப்பா அவர்" என்றாள். அவ்வளவுதான். பிறகு அன்று முழுவதும் இங்கேயே இருந்தாள். பதினெட்டு மாதம் அவளுக்கு நான் செய்ததை ஒரு நாளில் எப்படிச் சரிக்கட்டுவது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். நிதானமாகக் கேளுங்கோ, அவசரம் இல்லை என்கிறாள்.

அவளைப் போல் எனக்குச் சட்டென்று பாவம் என்று சொல்ல வரவில்லை.

காலத்துக்கு வெளியே ஒருவர் நிற்கிறாரா என்று நாம் இத்தனை வருஷம் பேசினோம். முடிவு தெரிந்தவர், நடந்து முடிந்ததற்காக ஒருவன் வேண்டிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறக்காமல் நிற்கிறவர். அப்படி ஒருவர் இருந்தால் அவர்மேல் எனக்குத் தீராத கோபம் என்று மனத்துக்குள் வைத்திருந்தேன். அன்று கோயிலில் அப்படி ஒருவர் இருந்திருக்கிறார். சன்னதியில் இல்லை, கீழே பொங்கல் பாத்திரத்தின் பக்கத்தில்.

கடவுளை மன்னித்துவிடலாம். இருக்கிறாரா என்றே எனக்கு நிச்சயம் இல்லை. நீ இருக்கிறாய். உன் குரல், உன் கை, நீ ஊட்டிய சோறு எல்லாம் இருக்கிறது. அதனால்தான் கஷ்டமாக இருக்கிறது.

நீ கெட்டது நினைத்துச் செய்யவில்லை என்று அறிவுக்குத் தெரிகிறது. நீ எழுதாமலே இருந்திருக்கலாம் என்பதும் தெரிகிறது. எழுதியதால்தான் என் பெண் எனக்குத் திரும்பக் கிடைத்தாள். அதற்கு நான் கடன்பட்டவன். ஆனாலும் இப்போதைக்கு உன் எழுத்தைப் பார்க்க என்னால் முடியாது. எழுதாதே. எத்தனை நாளைக்கு என்று கேட்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பத்மநாபன்


பேர்லேண்ட்
9 ஜனவரி 2026, வெள்ளிக்கிழமை

மதிப்புக்குரிய சாருக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதவில்லை. தீபாவளிக்குக்கூட எழுதவில்லை. ஒரு சேதி இருக்கிறது, அதற்காக மட்டும் இன்றைக்குச் சொல் மீறுகிறேன்.

க்ரீன் கார்டு எனக்குக் கிடைக்காது என்று ஆகிவிட்டது. ஐந்து வருஷ விசாவும் இந்த மாசத்தோடு தீர்கிறது. ஊருக்குப் போகிறேன், திரும்பி வர வழி இல்லை. யார்மேலும் வருத்தம் இல்லை. சாந்தாமணிக்கு இன்னும் சொல்லவில்லை, இதை ஒட்டிவிட்டுத்தான் அவளைக் கூப்பிட வேண்டும்.

டிக்கெட் ஜனவரி 27, செவ்வாய்க்கிழமை. இங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ, அங்கிருந்து சிங்கப்பூர், அப்புறம் கோயம்புத்தூர். சான் பிரான்சிஸ்கோவில் காலை எட்டு மணிக்கு இறங்குகிறேன். பெட்டியை வாங்கி மறுபடி போட வேண்டுமாம், அதனால் வெளியே வந்து வெளிநாட்டு விமானம் ஏறுகிற கட்டிடத்தில் காத்திருப்பேன். பத்து மணிக்கு உள்ளே போய்விட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். நடுவில் இருக்கிற நேரம் அங்கே மேல் மாடியில், பெட்டி போடுகிற வரிசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பேன்.

வாருங்கள் என்று எழுதவில்லை சார். வர வேண்டும் என்று கேட்கிற இடத்தில் நான் இல்லை. 27ஆம் தேதி உங்களுக்கு அத்தனை பக்கத்தில் நான் இருந்தேன் என்பது, நான் போன பிறகு வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரியக் கூடாது. வருவதா வேண்டாமா என்பதை நீங்கள் முடிவு பண்ணப் பதினெட்டு நாள் இருக்கிறது. வராமல் இருந்தாலும் அது உங்கள் முடிவாக இருக்கும், நான் பண்ணின முடிவாக இருக்காது. அதற்குத்தான் எழுதுகிறேன்.

விஷாகா பாப்பா திரும்பக் கிடைத்தது என்று நீங்கள் எழுதின அந்த ஒரு வரியைத்தான் இந்த எட்டு மாசமும் படித்துக்கொண்டிருக்கிறேன். அது நன்றாக இருக்கட்டும். நீங்களும்.

இன்றைக்கு வக்கீல் எனக்கு இந்தச் சேதியைச் சொல்லி டிக்கெட்டையும் கையில் கொடுத்தபோது மணி பத்தரை. இப்போது பதினொன்று ஐந்து. நடுவில் போன நேரத்துக்கு வேறு காரணம் ஒன்றும் இல்லை. எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும்.

வெள்ளியங்கிரி